மளிகைக்குப் பெட்ரோல்: கொடையா, விலையா, உரிமையா?

மளிகைக் கடையில் செலவழிக்கும் பணத்துக்குப் புள்ளி சேர்ந்து, அந்தப் புள்ளி பெட்ரோல் பங்கில் தள்ளுபடியாக மாறும் ஏற்பாடு பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவின் க்ரோகர் கடைகளில் ஒரு டாலர் செலவுக்கு ஒரு புள்ளி. 100 புள்ளி சேர்ந்தால் கேலனுக்கு 10 சென்ட் குறையும். இந்த மாதம் சேர்ந்த புள்ளி அடுத்த மாதக் கடைசியோடு காலாவதியாகும். ஆஸ்திரேலியாவில் 30 டாலருக்கு மளிகை வாங்கியவருக்கு லிட்டருக்கு 4 சென்ட் தள்ளுபடி என்பது வழக்கமான கணக்கு. இந்தியாவில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் கடன் அட்டையின் வழியே வந்தது. இந்தியன் ஆயிலும் சிட்டி வங்கியும் சேர்ந்து கொடுத்த அட்டையில் பெட்ரோலுக்கு 150 ரூபாய்க்கு 4 புள்ளி, சூப்பர் மார்க்கெட் மளிகைக்கு 150 ரூபாய்க்கு 2 புள்ளி கிடைத்தது. ஒரு புள்ளி ஒரு ரூபாய் பெட்ரோலுக்குச் சமமாக இருந்தது. அந்த வங்கியின் சில்லறை வணிகம் 2023 மார்ச்சில் ஆக்சிஸ் வங்கியின் கைக்குப் போனது. இதே வகை அட்டையை எச்.டி.எப்.சி. வங்கியும் இந்தியன் ஆயிலோடு சேர்ந்து வழங்குகிறது.

இப்படிக் கிடைப்பதை 'இலவசப் பெட்ரோல்' என்று விளம்பரம் சொல்கிறது. அதை முழுதாகப் பயன்படுத்திக்கொள்வது சாமர்த்தியம் என்று வாங்குபவர் நினைக்கிறார். இந்த இரண்டு எண்ணங்களுக்கும் அடியில் பழைய அறக்கேள்வி ஒன்று கிடக்கிறது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஒரு பொருள் போகும்போது அது எப்போது கொடை, எப்போது விலை, எப்போது உரிமை? இந்தக் கேள்வியை ஆராயக் கள்ளக்குறிச்சி மாவட்டம் பொருத்தமான இடம். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தின் கிழக்கே சங்க காலத்து வள்ளல் ஆண்ட திருக்கோவலூர் இருக்கிறது. மேற்கே, கடன் அட்டையைக் கண்ணால் பார்க்காத குடும்பங்கள் பல வாழும் கல்வராயன் மலை இருக்கிறது.

முதலில் கணக்கு. கள்ளக்குறிச்சி நகரில் ஒரு குடும்பம் மாதம் 6,000 ரூபாய்க்கு மளிகை வாங்குவதாக வைத்துக்கொண்டால், 150 ரூபாய்க்கு 2 புள்ளி என்ற வீதத்தில் 80 புள்ளி சேரும். 80 ரூபாய்ப் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாயை ஒட்டி நிற்கும் காலத்தில் அது முக்கால் லிட்டருக்குச் சற்று மேல். மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு தடவை போய் வரலாம். சதவீதமாகப் பார்த்தால் ஒன்றேகால் சொச்சம். அட்டைக் கடனை ஒரு மாதம் கட்டத் தவறினால் வட்டி மட்டுமே இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். ஆகவே இதில் லாபம் பார்க்க வழி ஒன்றுதான்: எப்படியும் வாங்க வேண்டிய மாதச் சாமானை மொத்தமாக வாங்குவது, தவணை நாளுக்குள் முழுப் பணத்தையும் கட்டுவது, காலாவதி ஆகுமுன் புள்ளியைச் செலவழிப்பது.

சிக்கல் நுழைவது எந்த இடத்தில் என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 150-இன் மடங்குகளுக்கு மட்டுமே புள்ளி தரும் திட்டத்தில், துவரம்பருப்பு, உளுந்து, நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்து ரசீது 270 ரூபாய் வந்து நிற்கிறது. இன்னும் 30 ரூபாய் சேர்ந்தால் கூடுதலாக 2 புள்ளி. கல்லாவுக்குப் பக்கத்திலேயே 30 ரூபாய்க்கு பிஸ்கட் பொட்டலம் தொங்குகிறது. கை அதை எடுக்கும் நொடியில், 2 ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக 30 ரூபாய் செலவாகிறது. பிஸ்கட் தேவைப்படவில்லை, புள்ளி தேவைப்பட்டது. திட்டத்தை வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்ததும் இந்த நொடியைத்தான். திருக்குறள் அவாவறுத்தலுக்குத் தனி அதிகாரம் வைத்ததோடு நிற்கவில்லை. வலியறிதல் அதிகாரத்தில் வரவு செலவுக் கணக்கையும் பேசுகிறது. வருமானத்தின் வாய்க்கால் சிறிதாக இருப்பதால் கேடு இல்லை, செலவின் வாய்க்கால் அகலாமல் இருக்க வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. புள்ளித் திட்டம் வரவு வாய்க்காலை நூலளவு அகலமாக்கிக் காட்டி, செலவு வாய்க்காலை ஒரு சாண் அகலமாக்கிவிடுகிறது. கூர்ந்து கணக்குப் பார்ப்பவருக்கு இது நேர்வதில்லை. பெரும்பாலோருக்கு நேர்வதால்தான் திட்டம் தொடர்ந்து நடக்கிறது.

இனி, இது கொடையா என்ற கேள்வி. கடையெழு வள்ளல்களில் ஒருவனான மலையமான் திருமுடிக்காரி கோவலூரிலிருந்து ஆண்டவன். முள்ளூர் மலை அவனுடையது. புறநானூற்றில் அவனைக் கபிலர் பாடிய பாட்டுகள் கொடையைப் பற்றிய தத்துவமாகவே நிற்கின்றன. கள் குடித்து மகிழ்ந்திருக்கும் வேளையில் தேரைத் தூக்கிக் கொடுப்பது யாருக்கும் எளிது, காரியோ தெளிந்த அறிவோடு கொடுக்கிறான் என்று ஒரு பாட்டில் பாராட்டுகிறார். 121ஆம் பாட்டில் அவனையே இடித்துரைக்கிறார். கொடுப்பது எளிது, வந்தவர் தகுதியை அறிவதே கடினம், ஆகையால் எல்லாரையும் ஒரே பார்வையாகப் பார்ப்பதை விட்டுவிடு என்கிறார். கையில் பொருள் வந்து விழுவது மட்டும் கொடை ஆகாது; கொடுப்பவன் வாங்குபவனை ஆளாகப் பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் நிலை.

பெருஞ்சித்திரனார் இதை இன்னும் கறாராகச் சொன்னார். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் அவர் பரிசில் நாடிப் போனபோது, அவன் நேரில் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். புலவர் வாங்க மறுத்தார். என்னைப் பார்க்காமல் தந்த இதை எடுத்துக்கொள்ள நான் வணிகன் இல்லை. பார்த்து, அறிந்து தந்தால் தினையளவு போதும் என்பது 208ஆம் பாட்டின் சாரம். இந்த அளவுகோலில் புள்ளி கொடை ஆகாது. அட்டையைத் தேய்ப்பவர் யார், வீட்டில் எத்தனை பேர், அடுப்பு எரிகிறதா என்று எந்தக் கணினியும் பார்ப்பதில்லை. வாங்கிய சாமான்களின் பட்டியலைத்தான் அது பார்க்கிறது. அடுத்து எதை வாங்க வைக்கலாம் என்பதற்காகப் பார்க்கிறது.

வள்ளுவர் ஈகை அதிகாரத்தைத் தொடங்கும்போதே இல்லாதவர்க்குக் கொடுப்பதை மட்டும் ஈகை என்று வகுத்து, மற்ற எல்லாவற்றையும் திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பின் கணக்கில் எழுதிவிட்டார். பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயமும் கைம்மாறு கருதித் தரும் தானத்தைத் தனியே பிரித்து, ராஜசம் என்ற இரண்டாம் தரத்தில் வைக்கிறது. பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, உலகச் சமூகங்கள் பலவற்றிலும் கொடை என்பது திருப்பித் தரும் கடமையோடு சேர்ந்தே வருவதாகக் காட்டியது. நம் ஊர்க் கல்யாண மண்டப வாசலில் நோட்டுப் போட்டு எழுதும் மொய்யை மோஸ் பார்த்திருந்தால் தன் சான்றுகளோடு சேர்த்திருப்பார். மொய்யில் ஒரு நேர்மை உண்டு. அது திரும்பச் செய்ய வேண்டிய கடன் என்பது வைப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். யாரும் அதை இலவசம் என்று சொல்வதில்லை. புள்ளித் திட்டத்தில் குறை சொல்ல வேண்டியது அது வணிகம் என்பதற்காக அல்ல. வணிகத்துக்குக் கொடையின் பெயரைச் சூட்டுவதற்காக.

அப்படியானால் சமயம் மட்டும் கணக்குப் பார்ப்பதில்லையா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுவும் எரிபொருள் கணக்கு. சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் கொடை நுந்தா விளக்கு. இரவும் பகலும் அணையாமல் ஒரு விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்கு விடுவார்கள். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளந்து தர வேண்டும். ஆடு ஈன்று பெருகுவதால் மந்தை குறையாது. அதனால்தான் கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று குறித்தன. சந்திரனும் சூரியனும் உள்ளவரை இந்த ஏற்பாடு நிற்க வேண்டும் என்றும் பொறித்தார்கள். திருக்கோவலூர் கீழூர் வீரட்டானேசுவரர் கோயில் சுவர்களிலும் விளக்குக் கொடைகள் பதிவாகியுள்ளன. முதலாம் இராசராசனின் தாய் வானவன்மாதேவி மலையமான் குலத்தில் பிறந்தவர் என்பதால் சோழ அரச குடும்பத்துக்கு இந்த ஊரோடு நெருங்கிய உறவு இருந்தது.

விளக்குக்கு ஆடு கொடுத்தவர் புண்ணியத்தை எதிர்பார்த்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த எதிர்பார்ப்பையும் தமிழ் மரபு கேள்வி கேட்காமல் விடவில்லை. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்ற புலவர் வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடும்போது, இந்தப் பிறவியில் செய்தால் மறுபிறவியில் பலன் வரும் என்று கணக்கிட்டு அறத்தை விற்று வாங்கும் வியாபாரி அவன் அல்லன் என்று போற்றினார். அப்படிப் போற்ற வேண்டியிருந்தது என்றால், அந்த வகை வியாபாரிகள் அன்றும் இருந்திருக்கிறார்கள். ஆயினும் நுந்தா விளக்கையும் பெட்ரோல் புள்ளியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. விளக்கின் வெளிச்சம் கொடுத்தவர் வீட்டுக்கு வரவில்லை. கோயிலுக்கு வந்த எல்லாருக்கும் விழுந்தது. இடையர் குடும்பத்துக்கு அதனால் பிழைப்பு நடந்தது. கொடுத்தவர் செத்த பிறகும் நெய் அளக்கப்பட்டது. புள்ளியின் பலன் சேர்த்தவரின் டேங்கிலேயே விழுகிறது, அதுவும் குறித்த தேதி வரைக்கும்.

இந்தப் பலனுக்கான பணம் யாருடையது என்பதுதான் கேள்விகளில் கனமானது. அட்டையில் பணம் செலுத்தப்படும்போது கடைக்காரர் வங்கிக்கு ஒரு கட்டணம் தருகிறார். புள்ளிக்கான செலவில் பெரும்பங்கு அதிலிருந்து வருகிறது. யு.பி.ஐ. பரிவர்த்தனைக்கு 2020 ஜனவரி முதல் அந்தக் கட்டணம் இல்லை. கடன் அட்டைக்கு உண்டு. கடைக்காரர் அதைத் தன் சட்டைப்பையிலிருந்து தருவதில்லை. சரக்கு விலையில் ஏற்றி எல்லாரிடமும் வசூலிக்கிறார். ரொக்கம் நீட்டுபவர், வண்டியே இல்லாதவர், பேருந்தில் வந்து பையைத் தூக்கிக்கொண்டு போகும் மூதாட்டி எல்லாரும் அதே விலையைத்தான் கொடுக்கிறார்கள். அட்டை வைத்திருப்பவருக்கு மட்டும் அதில் ஒரு துளி பெட்ரோலாகத் திரும்புகிறது. வண்டி இல்லாதவரின் பருப்பு விலையிலிருந்து வண்டி உள்ளவரின் டேங்குக்கு ஒரு சிறு ஓடை ஓடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் பைசாக்கள். திசையைப் பார்த்தால், இல்லாதவரிடமிருந்து இருப்பவரை நோக்கி ஓடுகிறது.

ஆஸ்திரேலியாவில் இந்த நியாயக் கேள்வி வேறொரு பக்கத்திலிருந்து, சந்தைப் போட்டியின் கேள்வியாக எழுந்தது. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் மளிகை லாபத்தைக் கொண்டு பெட்ரோல் விலையைக் குறைத்தால், மளிகை விற்காத தனிப் பெட்ரோல் பங்குகள் எப்படிப் பிழைக்கும் என்று போட்டி ஆணையம் கேட்டது. இரு பெரிய நிறுவனங்களும் 2014 ஜனவரி 1 முதல் மளிகைச் செலவோடு சேர்த்துத் தரும் தள்ளுபடியை லிட்டருக்கு 4 சென்ட்டுக்குள் நிறுத்துவதாக உறுதி கொடுத்தன. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை புகழ்வது, வாங்கும்போது மிகையாக வாங்காமல், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமல், விலையை வெளிப்படையாகச் சொல்லி விற்றதற்காக. புள்ளித் திட்டத்தில் விலை வெளிப்படையாக இல்லை. பெட்ரோல் தள்ளுபடியின் விலை பருப்புக்குள்ளும் சோப்புக்குள்ளும் ஒளிந்திருக்கிறது.

கல்வராயன் மலையில் மளிகையும் எரிபொருளும் வேறொரு வழியில் ஒன்று சேர்ந்தன. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு பக்கங்களில் வாழும் மலையாளி பழங்குடியினர் சாமையும் தினையும் மரவள்ளியும் பயிரிட்டு, புளி, கடுக்காய், தேன் சேகரித்து வாழ்ந்தவர்கள். சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்களின் கீழ் இருந்த இம்மலை 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த ரேஷன் கடையில் அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் மூன்றையும் ஒரே குடும்ப அட்டைக்குக் கொடுத்தார்கள். 2011 ஜூன் முதல் தமிழ்நாடு முழுவதும் ரேஷன் அரிசிக்கு விலை இல்லை.

அந்த மண்ணெண்ணெய்க்கு இருந்த விதியைப் பெட்ரோல் புள்ளியின் விதியோடு வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் எரிவாயு உருளை இல்லை என்றால் மண்ணெண்ணெய் கூடுதல். ஒரு உருளை இருந்தால் குறைவு. இரண்டு இருந்தால் கிடையாது. கையில் இருப்பது ஏற ஏற, கிடைப்பது குறையும். புள்ளித் திட்டத்தில் செலவழிக்க வசதி ஏற ஏற, கிடைப்பதும் ஏறும். ஒன்று தேவையைப் பார்த்து அளந்தது, மற்றொன்று செலவைப் பார்த்து அளக்கிறது. கபிலர் காரியிடம் வேண்டிய 'ஆளைப் பார்த்து அளக்கும்' பார்வை, எவ்வளவு குறையோடு இருந்தாலும், ரேஷன் கடையின் தராசில்தான் இருக்கிறது. எடை குறைவு, இருப்பு இல்லை, கடை திறப்பதே இல்லை என்ற புகார்கள் ரேஷன் கடையோடு கூடப் பிறந்தவை. மண்ணெண்ணெய்க்கு மத்திய அரசின் ஒதுக்கீடும் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. ஆனாலும் அங்கே வரிசையில் நிற்பவர் யாருடைய தயவுக்காகவும் நிற்கவில்லை. தனக்கு உரியதை வாங்க நிற்கிறார்.

உரிமை என்பது கொடையை விடவும் மேலானது என்று சொல்ல இங்கே இடமுண்டு. காரி தெளிந்த அறிவோடு கொடுத்தான். ஆனால் காரி இல்லாத நாளில் பாணன் பட்டினி. ஜாகிர்தாரின் தயவில் வாழ்ந்த தலைமுறைக்கு அந்த வேறுபாடு உடம்பிலேயே தெரியும். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்து, சாலை முதலான அடிப்படை வசதிகள் பற்றி அரசிடம் கேட்டது. யாரும் வள்ளலாக வேண்டும் என்று அது கேட்கவில்லை.

அப்படியானால் கொடைக்கு இடமே இல்லையா? உண்டு. அண்டை மாவட்டமான கடலூரில், வடலூரில், இராமலிங்க வள்ளலார் 1867 மே 23 அன்று தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. ஊர் ஊராக மக்கள் கொண்டுவரும் அரிசியும் காய்கறியும் அங்கே சோறாகின்றன. அதுவும் மளிகையும் எரிபொருளும் சேரும் இடம்தான். சாப்பிட வருபவருக்குப் பசி ஒன்றே தகுதி. வள்ளுவரின் இலக்கணத்தில் ஈகை என்று எழுதத் தக்கது இது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, அட்டை வைத்திருப்பவர் என்ன செய்வது என்ற நடைமுறைக் கேள்வி மீதி இருக்கிறது. புள்ளியை வாங்காமல் விடுவதால் மலையிலுள்ள குடும்பத்துக்கு ஒரு பைசாவும் போய்ச் சேராது; அது வங்கியின் லாபத்தில்தான் சேரும். எனவே வாங்க வேண்டியதை வாங்கி, வந்த புள்ளியைக் காலத்தோடு பெட்ரோலாக்கிக்கொள்வதில் பாவம் ஏதுமில்லை. தான் முன்பே கொடுத்த விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறார், அவ்வளவுதான். அதற்காக யாருக்கும் நன்றிக்கடன் படவும் வேண்டாம். அந்தக் கடைக்கோ அந்தப் பங்குக்கோ விசுவாசமாக இருக்கவும் வேண்டாம். வேறு கடையில் பருப்பு கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவு என்றால் புள்ளியை மறந்துவிட்டு அங்கே போவதே சரி. தேவையில்லாத ஒரு பொட்டலம் பைக்குள் விழும் நாளில் மட்டும் கணக்கு அறத்திலும் தவறுகிறது, பணத்திலும் தவறுகிறது.

மிச்சமான 80 ரூபாயை எடுத்து ஒருவர் பசித்தவருக்குக் கொடுத்தால் அது கொடையா என்றால், ஐயமின்றிக் கொடைதான். டேங்கில் விழுந்தபோது அது தள்ளுபடி. அந்த மாதம் அவர் கையில் மீந்த ரொக்கம் அவருடைய சொந்தப் பணம். கொடுப்பது அந்த ரொக்கத்திலிருந்து தொடங்குகிறது. தள்ளுபடி பெற்றதோடு ஏதோ நல்லது செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் தவறு. கொடுக்க நினைப்பவர் புள்ளி சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாதச் சாமானிலிருந்தே இரண்டு கிலோ அரிசியை எடுத்து, தேவைப்படும் வீட்டுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.